கோட்டின் இடைவெளியை அளந்து பாருங்கள்: வளைபரப்பு மில்லிங்கில் பிழை பிடிக்கும் வழி

"அண்ணே, ஸ்டெப் ஓவரைப் பாதியாக்கிட்டேன்லா. கோடு இன்னும் அப்படியேதான் இருக்கு."

இரவு ஷிப்டுத் தம்பி போனில் சொன்னது இது. மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், புக்கிட் மெர்தாஜாமில் நாங்கள் வேலை செய்யும் மோல்டு (வார்ப்புக்கூடு) பட்டறையில் இது வாடிக்கை. வளைபரப்பில் கோடு தெரிந்தால் முதல் வைத்தியம் ஸ்டெப் ஓவரை, அதாவது அடுத்தடுத்த டூல் பாதைகளின் இடைவெளியை, குறைப்பது. மூன்று மணி நேர ஃபினிஷிங் ஆறு மணி நேரம் ஓடும். விடிந்ததும் பார்த்தால் அதே கோடு, அதே இடத்தில். நானும் பல வருடம் அப்படிச் செய்தவன்தான். தவுக்கே (முதலாளி) பில்லைப் பார்த்துத் திட்டிய பிறகுதான் வேறு வழி தேடினேன்.

கோளாறு ஐந்து இடங்களில் ஏதாவது ஒன்றில் இருக்கும். கணினி மாடல், கேம் (வெட்டும் பாதை போடும் மென்பொருள்) போட்ட பாதை, போஸ்ட் (அந்தப் பாதையை மெஷின் மொழிக்கு மாற்றும் நிரல்) எழுதிய ஜி-கோட், மெஷின், டூல். இவற்றில் எது என்று கோடே சொல்லிவிடும். அதை அளந்து பார்க்கிற பொறுமைதான் வேண்டும்.

கீழே சொல்வது பெரும்பாலும் மூன்று அச்சு மெஷின், பால் நோஸ் (உருண்டை மூக்கு டூல்) ஃபினிஷிங், பி20, என்ஏகே80 போன்ற மோல்டு எஃகு, கொஞ்சம் செம்பு எலக்ட்ரோடு (மின்பொறியால் எஃகை அரிக்கும் இடிஎம் மெஷினுக்கானது) ஆகியவற்றைப் பற்றியது. கணக்குக்கு ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்கிறேன்: 6 மி.மீ. பால் நோஸ், அதாவது ஆரம் 3. இரண்டு பல். ஸ்பிண்டில், அதாவது டூலைச் சுற்றும் தண்டு, நிமிடத்துக்கு 12,000 சுற்று. ஃபீட், அதாவது டூல் நகரும் வேகம், நிமிடத்துக்கு 1,800 மி.மீ. ஸ்டெப் ஓவர் 0.2 மி.மீ.

முதல் வேலை: டார்ச்சும் லென்ஸும்

வேலைப்பொருளை மெஷினிலிருந்து கழற்றாதீர்கள். கூலன்ட்டைத் துடைத்துவிட்டு, போன் டார்ச்சைப் பரப்போடு ஒட்டினாற்போலச் சாய்த்துப் பிடியுங்கள். மேலிருந்து அடித்தால் ஒன்றும் தெரியாது. பக்கவாட்டில் அடித்தால் 2 மைக்ரான் மேடுகூட நிழல் போடும். பிறகு பத்து மடங்கு லென்ஸ், பக்கத்தில் இரும்பு ஸ்கேல். பத்து கோடுகளை எண்ணி, அவை எத்தனை மி.மீ. தூரத்தில் அடங்குகின்றன என்று பாருங்கள்.

பத்து கோடு 2 மி.மீ.க்குள் வந்தால் இடைவெளி 0.2. அது உங்கள் ஸ்டெப் ஓவரேதான். டூலின் உருண்டை மூக்கு அடுத்தடுத்து ஓடும்போது நடுவில் மிஞ்சும் முகடு அது. இருந்துதான் தீரும், உயரம் எவ்வளவு என்பதுதான் கேள்வி. இடைவெளி 0.4 வந்தால் போகும்போது ஒருவிதம், வரும்போது ஒருவிதம் வெட்டுகிறது என்று அர்த்தம். கோடுகள் பாதைக்குக் குறுக்கே, 0.15 இடைவெளியில் இருந்தால் கேமைத் தொடவே வேண்டாம். 1,800-ஐ 12,000-ஆல் வகுத்தால் ஒரு சுற்றுக்கு 0.15. இரண்டு பல்லும் சமமாக வெட்டினால் 0.075-க்கு ஒரு தடம் விழ வேண்டும். 0.15 என்றால் ஒரு பல்தான் வேலை செய்கிறது, இன்னொன்று சும்மா சுற்றுகிறது. டூலைப் பிடித்திருக்கும் காலெட்டைக் கழற்றித் துடையுங்கள், டூல் நடு விலகிச் சுற்றுகிறதா என்று டயல் கேஜ் வைத்துப் பாருங்கள். தடத்தின் உயரம் இடைவெளியின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் அது நாலு மடங்காகியிருக்கும்.

ஒரே சீரில்லாமல் 1, 2, 3 மி.மீ. என்று பட்டை பட்டையாக வந்தால் அது தோராயப் பிழை. ஒரே ஒரு கோடு, எத்தனை முறை ஓட்டினாலும் அதே இடம் என்றால் அது தனிக் கதை. ஒவ்வொன்றாக வருகிறேன்.

நாலு சுவரில் இரண்டு மட்டும் வரி வரியாக இருக்கிறது

அடிக்கடி வருவது இதுதான். தட்டையான பகுதி கண்ணாடிபோல இருக்கும், சரிவு ஏற ஏற வரிகள் தடிக்கும். நகத்தால் கீறினால் சீப்பில் விரலை ஓட்டுவது போலச் சத்தம் வரும்.

முகட்டின் உயரத்துக்கு ஒரு சுலபக் கணக்கு உண்டு: ஸ்டெப் ஓவரின் வர்க்கத்தை டூல் ஆரத்தின் எட்டு மடங்கால் வகுங்கள். நம் உதாரணத்தில் 0.04-ஐ 24-ஆல் வகுத்தால் 0.0017, அதாவது 1.7 மைக்ரான். நல்ல ஃபினிஷ்.

ஆனால் ராஸ்டர் பாதை, அதாவது வயல் உழுவதுபோல இணை கோடுகளாக ஓடும் பாதை, 0.2-ஐ மேலிருந்து பார்க்கும் பார்வையில்தான் அளக்கிறது. சரிவில் அந்த 0.2 நீண்டுவிடும். 60 பாகைச் சரிவில் இரு மடங்கு, 0.4. முகடு நாலு மடங்கு, 6.7 மைக்ரான். 75 பாகையில் 0.77 மி.மீ.; முகடு 25 மைக்ரான். போலிஷ் போடும் ஆள் கல்லைத் தூக்கி எறிவார்.

ஏன் நாலு சுவரில் இரண்டு மட்டும்? பாதை எக்ஸ் திசையில் ஓடுகிறது என்று வையுங்கள். எக்ஸைப் பார்க்கும் சுவரில் டூல் மேலும் கீழுமாக ஏறி இறங்குகிறது. பக்கத்துப் பாதைக்கு நகர்வது சரிவுக்குக் குறுக்கே என்பதால் இடைவெளி நீளாது. ஒய்யைப் பார்க்கும் சுவரில் ஒவ்வொரு நகர்வும் சரிவில் ஏறுகிறது, அங்கேதான் நீள்கிறது. இரண்டு சுவர் நன்றாக, இரண்டு சுவர் மோசமாக இருந்தால் இதைத் தவிர வேறு காரணம் தேட வேண்டாம்.

தம்பியின் சிக்கல் இதுவேதான். அவர் 0.1 ஆக்கியதில் 75 பாகைச் சுவரில் முகடு 6 மைக்ரானுக்கு இறங்கியது உண்மை. ஆனாலும் தட்டையான பகுதியின் பளபளப்புக்குப் பக்கத்தில் அது பளிச்சென்று தெரிந்தது, நேரமும் இரட்டிப்பானது. செய்ய வேண்டியது வேறு. சரிவை இரண்டாகப் பிரியுங்கள். 45 பாகைக்குக் கீழே ராஸ்டர், மேலே சம உயரப் பாதை, நம் ஆட்கள் வாட்டர்லைன் என்பது. அது செங்குத்தில் அருமை. 0.2 இறக்கத்துக்கு 75 பாகையில் பரப்பின் மேல் இடைவெளி 0.207தான். ஆனால் அதைத் தட்டைக்குக் கொண்டுபோனால் கதை தலைகீழ்: 10 பாகைச் சரிவில் 1.15 மி.மீ. இடைவெளி. படிக்கட்டு மாதிரி வரும். ஆகவே இரண்டும் தேவை, நடுவில் ஒரு மி.மீ. அளவுக்கு ஒன்றன்மேல் ஒன்று ஏறட்டும்.

பரப்பின் மேலேயே சம இடைவெளி வைக்கும் பாதையும் பெரும்பாலான கேமில் இப்போது இருக்கிறது. எனக்கு அது பாதி பிடிக்கும். முகடு எங்கும் ஒரே அளவு வரும், சரி. ஆனால் விளிம்பிலிருந்து உள்ளே உள்ளே சுருங்கும் பாதை மூலைகளில் சட்டெனத் திரும்பும். அந்தத் திருப்பங்கள் எல்லாம் சேர்ந்து நடுவை நோக்கி ஒரு மூலைவிட்டக் கோடாகத் தெரியும். கைப்பிடி, மூடி போன்ற கண்ணில் படும் பரப்பில் அது ஆகாது. மூலையை உருட்டச் சொல்லி அமைப்பை மாற்றுங்கள், இல்லையேல் பிரித்தே போடுங்கள்.

சரிவு பளபளக்கிறது, தட்டை மட்டும் மங்கல்

மேலே சொன்னதற்கு நேர் எதிர். பால் நோஸின் நடு முனை சுற்றுவதே இல்லை. அந்த ஒரு புள்ளியில் வெட்டு வேகம் பூஜ்யம். 0.1 ஆழத்தில் தட்டையில் ஓடும்போது 6 மி.மீ. டூல் உண்மையில் 1.54 மி.மீ. டூலாகத்தான் வேலை செய்கிறது. கேட்டலாக்கைப் பார்த்து 6 மி.மீ.க்கு நிமிடத்துக்கு 226 மீட்டர் என்று கணக்குப் போட்டிருப்பீர்கள். பரப்பு அனுபவிப்பது 58 மீட்டர். எஃகு வெட்டுப்படாமல் தேய்க்கப்படுகிறது, அதனால் மங்கல்.

3+2 வசதி (டூலையோ மேசையையோ ஒரு கோணத்தில் சாய்த்துப் பூட்டிவிட்டு மூன்று அச்சில் வெட்டுவது) இருந்தால் டூலை 15 பாகை சாயுங்கள். வேலை செய்யும் விட்டம் 3 மி.மீ.க்கு ஏறும், வேகம் 112 மீட்டராகும். மூன்று அச்சுதான் என்றால், உண்மையிலேயே தட்டையான இடத்தைப் பால் நோஸிடம் கொடுக்காதீர்கள். மூலை ஆரம் உள்ள புல் நோஸ் போதும்.

வளைவு வைரம் பட்டை தீட்டியதுபோல் இருக்கிறது

டார்ச் ஒளியில் வளைவு சின்னச் சின்னத் தட்டைகளாகத் தெரியும். வட்டம், கூம்பு என்று பெயர் சொல்ல முடியாத வளைவை மெஷினுக்கு நேரடியாகக் கொடுப்பது அரிது என்பதால், கேம் அதைக் குட்டிக் குட்டி நேர்கோடுகளாக உடைத்துத்தான் அனுப்புகிறது. அந்தக் கோடு வளைவிலிருந்து எவ்வளவு விலகலாம் என்பதே டாலரன்ஸ்.

இங்கேயும் அளவுதான் உதவும். ஒரு தட்டையின் நீளத்தை அளங்கள், அதன் வர்க்கத்தை வளைவின் ஆரத்தின் எட்டு மடங்கால் வகுங்கள். ஆரம் 50 உள்ள வளைவில் 2 மி.மீ. தட்டை என்றால் 4-ஐ 400-ஆல் வகுக்க 0.01. இப்போது 0.01 என்ற எண்ணை எங்கே போட்டோம் என்று தேடுங்கள். பெரும்பாலும் இரண்டு இடத்தில் ஒன்றில் அகப்படும்: ஃபினிஷிங் டாலரன்ஸில், அல்லது மாடலை எஸ்டிஎல்லாக (பரப்பை முக்கோணங்களாக உடைத்து வைக்கும் கோப்பு) மாற்றியவர் வைத்த முக்கோண அளவில்.

இரண்டையும் பிரித்தறியலாம். தட்டைகளின் ஓரம் பல பாதைகளைத் தாண்டி ஒரே நேராக ஓடி முக்கோணமாகவோ நாற்கோணமாகவோ கூடினால், குற்றவாளி மாடல். ஒவ்வொரு பாதையிலும் தட்டை வெவ்வேறு இடத்தில் உடைந்து பரப்பு சொரசொரவென்று இருந்தால், பாதையின் டாலரன்ஸ். முதலாவதற்குக் கேமில் என்ன செய்தாலும் பயனில்லை. வாடிக்கையாளரிடம் வளைவை வளைவாகவே வைத்திருக்கும் ஸ்டெப் (STEP) கோப்பு கேளுங்கள். எஸ்டிஎல்தான் உண்டு என்று அடம் பிடித்தால், வெட்டும் டாலரன்ஸைவிட நுணுக்கமாக மறுபடி எடுத்துத் தரச் சொல்லுங்கள். இரண்டாவதற்கு டாலரன்ஸை 0.002 அல்லது 0.003 ஆக்குங்கள், புள்ளிகளுக்கு இடையிலான அதிகபட்சத் தூரத்தையும் கட்டுங்கள். பக்கத்துப் பக்கத்துப் பாதைகளில் புள்ளிகள் ஒத்து விழும்.

ஆனால் டாலரன்ஸை இறக்கினால் கோப்பு பருக்கும். அது அடுத்த வியாதிக்கு வாசல்.

1,800 கொடுத்தேன், மெஷின் ஊர்கிறது. பரப்பில் புள்ளி புள்ளியாகத் தழும்பு

எங்கள் பட்டறையில் ஒரு பழைய மெஷின் உண்டு. நினைவகம் போதாது என்று கணினியிலிருந்து ஆர்எஸ்-232 கேபிள் வழியாக ஜி-கோட்டைச் சொட்டுச் சொட்டாக ஊட்டிக்கொண்டிருந்தோம். நுணுக்கமான டாலரன்ஸில் ஒரு கைப்பிடி மோல்டு போட்டபோது டூல் நின்று நின்று நகர்ந்தது. நிற்கும் ஒவ்வொரு இடத்திலும் ஓர் அம்மைத் தழும்பு. அச்சை ஓட்டும் சர்வோ மோட்டார் போய்விட்டது என்று சர்வீஸ் ஆளைக் கூப்பிட்டோம். அவர் வந்து பார்த்துவிட்டு கேபிளைக் கையால் தட்டிக் காட்டினார்.

கணக்கைப் பாருங்கள். 9600 பாட் வேகத்தில் நொடிக்குச் சுமார் 960 எழுத்து போகும். எக்ஸ், ஒய், இசட் மூன்றும் உள்ள ஒரு வரி 22 எழுத்து. ஆக நொடிக்கு 44 வரி. புள்ளிகளின் இடைவெளி 0.1 மி.மீ. என்றால் நொடிக்கு 4.4 மி.மீ., நிமிடத்துக்கு 260 மி.மீ. நாம் கேட்டதோ 1,800. அதற்கு நொடிக்கு 300 வரி வேண்டும். மெஷின் பசியோடு காத்திருக்கிறது, டூல் அதே இடத்தில் சுற்றித் தேய்க்கிறது.

வேகத்தை 38,400 ஆக்கினாலும் 1,050-தான் கிடைக்கும். நிரந்தரத் தீர்வு மெமரி கார்டு அல்லது நெட்வொர்க் கேபிள். அது வரும்வரை போஸ்ட்டில் வரி எண்ணை எடுத்துவிடுங்கள். மாறாத அச்சை மறுபடி எழுத வேண்டாம் என்று சொல்லுங்கள். எக்ஸ் திசை ராஸ்டரில் ஒய் மாறுவதேயில்லை, மூன்றில் ஒரு பங்கு மிச்சம். கேமில் வில் பொருத்தும் வசதி இருந்தால் நூறு குட்டிக் கோடுகள் ஒரே வில்லாகச் சுருங்கும்.

கேபிள் இல்லாத புது மெஷினும் ஊர்கிறதா? அப்படியானால் முன்னோக்கு அமைப்பைப் பாருங்கள். கன்ட்ரோலர் பல வரிகளை முன்கூட்டியே படித்து, எங்கே வேகம் குறைக்கலாம் என்று தீர்மானிக்கும் வசதி அது. ஃபேனக்கில் ஜி05.1 க்யூ1, ஹைடன்ஹைனில் சைக்கிள் 32, சீமென்ஸில் சைக்கிள்832. போஸ்ட் இதை எழுதியிருக்கிறதா என்று கோப்பின் தலையைத் திறந்து பாருங்கள். பாதிக் கோப்புகளில் இருக்காது. எழுதும்போது கன்ட்ரோலருக்குக் கொடுக்கும் டாலரன்ஸ் கேமில் போட்டதைவிடச் சற்றே பெரிதாக இருக்கட்டும். சிறிதாகக் கொடுத்தால் கேம் உடைத்த ஒவ்வொரு சின்ன மூலையையும் அது பக்தியோடு பின்பற்றும்; மெஷின் நடுங்கும். ரொம்பப் பெரிதாகக் கொடுத்தால் கூர்மையான விளிம்புகள் மழுங்கும்.

சந்தேகம் தீர ஒரு சோதனை: இசட்டை 50 மி.மீ. உயர்த்திக் காற்றில் ஓட்டுங்கள், திரையில் உண்மையான ஃபீட்டைப் பாருங்கள். காற்றிலும் ஊர்ந்தால் டூல், எஃகு, கூலன்ட் யாருக்கும் இதில் பங்கில்லை.

ஏறக்குறையத் தட்டையான பரப்பில் மட்டும் ஒழுங்கற்ற கோடுகள் மின்னுகின்றனவா? அதுவும் இந்தக் குடும்பம்தான். 0.2 பாகைச் சரிவில் 0.1 மி.மீ. நகர்ந்தால் இசட் 0.00035 மாற வேண்டும். போஸ்ட் மூன்று தசம இடத்தோடு வெட்டிவிட்டால் ஜி-கோட்டில் இசட் 4.317, 4.317, 4.317, திடீரென்று 4.318 என்று போகும். சரிவு படியாகிவிட்டது. கன்ட்ரோலர் ஏற்குமானால் நாலு அல்லது ஐந்து தசமம் எழுதுங்கள். ஏற்காத பழைய மெஷினில் புள்ளிகளைக் குறைத்துவிடுவதுதான் வழி. அங்கே அதிகப் புள்ளி அதிகத் துல்லியம் ஆகாது.

ஒரு வரி வெளிச்சம், ஒரு வரி இருட்டு

இடைவெளி ஸ்டெப் ஓவரின் இரண்டு மடங்கு என்று முன்பே சொன்னேன். போகும்போது ஏறுவெட்டு (கிளைம்ப்), வரும்போது எதிர்வெட்டு (கன்வென்ஷனல்); பல் எஃகில் நுழையும் விதமே வேறு. முகட்டின் உயரம் ஒன்றாக இருந்தாலும் ஒளி வேறுவிதமாகத் திரும்பும். கடைசி ஃபினிஷிங்கை ஒரே திசையில் ஓட்டுங்கள். நேரம் கூடும், வேறு வழியில்லை.

ஒரே ஒரு கோடு, எப்போதும் அதே இடத்தில்

முதலில் பாதையின் திசையை 90 பாகை திருப்பி, பயன்படாத ஒரு மூலையிலோ அலுமினியத்திலோ ஓட்டிப் பாருங்கள். கோடும் கூடத் திரும்பினால் மெஷின். இடத்திலேயே நின்றால் மாடல்.

திரும்புகிற கோடு பெரும்பாலும் மேட்டின் உச்சியில் இருக்கும். டூல் ஏறி இறங்கும்போது இசட் திசை மாறும் இடம் அது. அச்சை நகர்த்தும் திருகான பால் ஸ்க்ரூவின் தளர்வும் சர்வோவின் தயக்கமும் அங்கே பதிவாகும். மெஷினை வட்டமாக ஓட்டி அதன் பிழையை அளக்கும் பால் பார் சோதனைக்குச் சொல்லுங்கள். கேமில் கை வைக்க வேண்டாம்.

நிற்கிற கோட்டுக்கு மாடலில் வரிக்குதிரைப் பட்டை வசதியை (பரப்பில் கறுப்பு வெள்ளைக் கோடுகள் பிரதிபலிப்பதுபோலக் காட்டுவது) போட்டுப் பாருங்கள். கார் உடலின் வளைவைக் கணக்கில் அடக்க 1959-இல் சிட்ரோயனில் டி காஸ்டெல்ஜோவும், பிறகு ரெனோவில் பெசியேயும் கண்ட வழியில்தான் இன்றும் வளைபரப்புகள் துண்டு துண்டாகத் தைக்கப்படுகின்றன. தையலில் இரண்டு துண்டும் தொட்டால் போதாது, ஒரே சாய்வில் சந்தித்தாலும் போதாது. வளைவும் ஒத்துப்போனால்தான் ஒளி வழுக்கிச் செல்லும். பட்டைகள் தையலில் முறிந்தால் சாய்வே ஒத்துப்போகவில்லை. முறியாமல் மடங்கினால் வளைவு ஒத்துப்போகவில்லை. இரண்டுமே வரைந்தவரின் வேலை. படத்தை எடுத்து அனுப்பிவிடுங்கள், வாய்ச்சண்டை மிச்சம்.

மூன்றாவது வகை ஒன்று உண்டு: மாடலில் தையல் இல்லை, மேட்டின் உச்சியும் இல்லை, ஆனால் நாம் சரிவைப் பிரித்த 45 பாகை எல்லையில் ஒரு படி. ஒரு தைப்பூசத்துக்கு முந்தின நாள் மாலை தட்டைப் பகுதியை முடித்துவிட்டு மெஷினை அணைத்தேன். பினாங்கில் தைப்பூசம் பொது விடுமுறை. தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போய்விட்டு, மறுநாளும் ஓய்வெடுத்து, திரும்பி வந்தவுடன் சுவர்ப் பகுதியை ஓட்டினேன். எல்லை முழுக்க 0.02 படி. அன்று மாலை நாள் முழுக்க ஓடிச் சூடேறி நீண்டிருந்த ஸ்பிண்டில், திரும்பி வந்த காலையில் குளிர்ந்து சுருங்கியிருந்தது. டூல் நீளத்தை மறுபடி அளக்கவும் இல்லை. இப்போதெல்லாம் இரண்டு பகுதியையும் ஒரே மூச்சில் ஓட்டுகிறேன். முடியாவிட்டால் இருபது நிமிடம் ஸ்பிண்டிலைச் சுற்றவிட்டுத்தான் டூலை அளப்பது.

இடையில் டூல் மாற்றியிருந்தாலும் இதே படி வரும். அதோடு ஒன்று: தரை சரியாக இருக்கிறது, சுவரில் மட்டும் 0.01 மிச்சம் என்றால் டூலின் உண்மையான ஆரத்தைச் சந்தேகியுங்கள். நீளத்தை முனையில் அளப்பதால் தரையில் பிழை தெரியாது, ஆரம் 2.99 ஆகத் தேய்ந்திருந்தால் குறை முழுக்கச் சுவரில் போய்ச் சேரும்.

டூல் பரப்புக்குள் குத்திவிட்டது

இதன் பெயர் கௌஜ். இதைப் பார்த்தவுடன் வயிறு கலங்கும், ஆனால் காரணங்கள் சிலதான்.

ஐஜெஸ் (IGES) என்ற பழைய வகைக் கோப்பில் வந்த மாடலில் துண்டுகளுக்கு நடுவே இடுக்கு இருக்கலாம். எல்லா இடுக்கும் ஆபத்தில்லை. முகட்டின் அதே கணக்கு இங்கேயும்: ஆரம் 3 உள்ள உருண்டை 0.5 இடுக்கில் 0.01-தான் இறங்கும், 0.1 இடுக்கில் ஒன்றுமே ஆகாது. ஆனால் ஒரு மெல்லிய துண்டே காணாமல் போய் 2 மி.மீ. ஓட்டை இருந்தால் 0.17 இறங்கிவிடும். சின்ன டூலுக்கு நிலைமை மோசம். எலக்ட்ரோடில் ஆரம் 0.5 டூல் அதே 0.5 இடுக்கில் 0.06-க்கும் மேல் விழும். கோப்பைத் திறந்ததும் தைக்கச் சொல்லிவிட்டு, தைக்காமல் மிஞ்சிய விளிம்புகளை நிறம் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை.

எலக்ட்ரோடுக்கே உரிய சிக்கல் ஒன்று. எலக்ட்ரோடுக்கும் எஃகுக்கும் நடுவே தீப்பொறி பாயும் இடைவெளிக்காக எதிர்மறை மிச்சம் கொடுப்போம், அதாவது மாடலின் பரப்பைவிட உள்ளே தள்ளி வெட்டுவோம், உதாரணமாக மைனஸ் 0.1. டூலின் மூலை ஆரம் அதைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். மூலை ஆரமே இல்லாத தட்டை எண்ட் மில்லுக்குக் கொடுத்தால் கணக்கு குழம்பி மூலைகள் தவறாக வரும், சிமுலேஷனும் சில நேரம் வாய் திறக்காது. பரப்பின் வெளிப்பக்கம் எது என்ற அம்புக்குறி ஒரு துண்டில் மட்டும் திரும்பியிருந்தாலும் அந்தத் துண்டில் மிச்சம் தலைகீழாகிவிடும்.

சிமுலேஷனில் சுத்தம், மெஷினில் மட்டும் சுவர் ஓரத்தில் ஒரு கீறல் என்றால் ஜி0-வை, அதாவது வெட்டாமல் இடம் மாறும் வேக நகர்வை, பாருங்கள். பல மெஷின்களில் வேக நகர்வின்போது ஒவ்வொரு அச்சும் தன் முழு வேகத்தில் தனித்தனியாக ஓடும். குறைந்த தூரம் போக வேண்டிய அச்சு முதலில் போய்ச் சேர்ந்துவிடும். திரையில் நேர்கோடு, நிஜத்தில் நாய்க்கால் மாதிரி மடங்கிய பாதை. மடக்கு சுவர் மேல் விழுந்தால் கீறல். வேக நகர்வுகளை அதிக ஃபீட் ஜி1 (நேர்கோட்டு நகர்வு) ஆக எழுதும்படி போஸ்ட்டை மாற்றுங்கள்.

உள் மூலையில் டூல் அலறுகிறது

ஆரம் 3 மூலைக்கு ஆரம் 3 டூலைக் கொடுத்திருப்பீர்கள். மூலைக்குள் போனதும் உருண்டையின் கால் வட்டம் முழுக்க ஒரே நேரத்தில் எஃகைத் தொடும். அலறாமல் என்ன செய்யும். ஆரம் 2 டூலுக்கு இறங்குங்கள். பெரிய டூல் விட்டுப்போனதை எடுக்கும் மிச்ச வெட்டுப் பாதை போடும்போது முந்தின டூல் 6 என்று உள்ளபடி சொல்லாமல் 6.2 என்று கொஞ்சம் பொய் சொல்லுங்கள். எல்லையில் மெல்லிய கீற்று மிஞ்சாது.

ஐந்து அச்சில் மேட்டின் உச்சியில் ஒரு பொட்டு

பினாங்குத் தீவில் பயான் லெப்பாஸ் பக்கம் வேலை பார்க்கும் நண்பர்களிடமிருந்து அதிகம் வரும் கேள்வி. எங்களிடம் ஐந்து அச்சு வந்து அதிக நாளாகவில்லை, நான் பட்டதை மட்டும் சொல்கிறேன். டூல் ஏறக்குறைய நிமிர்ந்து நிற்கும் இடத்தில் பரப்பின் சாய்வு இம்மி மாறினாலும் சுழலும் அச்சான சி அச்சு அரைச் சுற்று சுற்றித்தான் அதைப் பிடிக்க வேண்டும். அது சுற்றும் நேரம் டூல் முனை நின்ற இடத்திலேயே நின்று பொட்டு வைக்கும். முன்சாய்வு 3 முதல் 5 பாகை நிரந்தரமாகக் கொடுத்தால் நிமிர்ந்த நிலையே வராது. பொட்டு ஓர் இடத்தில் இல்லாமல் பரப்பு முழுக்க வேகம் ஏறி இறங்கினால் டூல் முனைக் கட்டுப்பாடு விடுபட்டிருக்கிறதா பாருங்கள்: ஃபேனக்கில் ஜி43.4, ஹைடன்ஹைனில் எம்128, சீமென்ஸில் டிராஓரி.

தம்பியின் மோல்டு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். சரிவைப் பிரித்து, ஸ்டெப் ஓவரைப் பழையபடி 0.2 ஆக்கி, இரண்டே முக்கால் மணி நேரத்தில் முடித்தார். போலிஷ் ஆள் அதில் இன்னொரு கோடு கண்டுபிடித்தார். லென்ஸ் வைத்துப் பார்த்தோம்: பாதைக்குக் குறுக்கே, 0.15 இடைவெளி. காலெட்டில் ஒரு சீவல் ஒட்டியிருந்தது.